மோட்டார்க் குழாயில் பச்சை வந்த நாள்

நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருப்பவள் அஞ்சனா. கொழிஞ்சாம்பாறைப் பெண், சுகாதார ஆய்வாளர் வேலைக்குப் புதிது. போன மாதம் போன் செய்தாள். ஒரு பள்ளிக்கூடத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறாள். கிருமி இல்லை என்று முடிவு வந்துவிட்டது. கைபேசிச் செயலியிலும் சரிக்குறி விழுந்துவிட்டது.

"நல்லதுன்னு வந்த தண்ணியை நீங்க மறுபடியும் போய் எடுப்பீங்களாமே மேடம், நெசமுங்களா? அது எதுக்குங்க?" என்று கேட்டாள்.

போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். இரண்டு மூன்று சம்பவங்களைத்தான் எழுதுகிறேன். மீதி வருடங்கள் எல்லாருடைய வருடங்களையும் போலத்தான்.

என் பெயர் எஸ்தர். கேரள மலையில் சக்குபள்ளத்துப் பக்கம், ஓர் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் காய் பறிக்கப் போனவர்கள். சபையில் உதவி கிடைத்ததால் படித்தேன். சுகாதார ஆய்வாளர் பயிற்சியில் என்ன கற்றேன் என்று கேட்டால், கொசுவின் உடலமைப்பை இப்போதும் படம் போட்டுக் காட்டுவேன். மனிதர்களைப் பற்றி அங்கே ஒன்றும் சொல்லித் தரவில்லை.

அதை முதல் வேலையிலேயே தெரிந்துகொண்டேன். நான் பிறந்த எஸ்டேட்டிலேயே வயிற்றுப்போக்கு. லயங்களுக்குத் தண்ணீர் வரும் ஊற்றிலிருந்து மாதிரி எடுக்கப் போனேன். மழை, அட்டை, வழுக்குப் பாறை. சூப்பர்வைசர் அந்தோணி மாமா என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். "ஏ புள்ள, நீ எதுக்கு அவ்வளவு தூரம் ஏறிக்கிட்டு? பாட்டிலைக் குடு, நான் புடிச்சிட்டு வாரேன்" என்றார். கொடுத்தேன். அரை மணியில் நிறைத்துக் கொண்டுவந்தார். வாங்கும்போது பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. மலை ஊற்றுத் தண்ணீர், ஆடி மாத மழையில், வெதுவெதுப்பாக.

"மாமா, இதைக் காய்ச்சினீங்களா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நம்ம எஸ்டேட்டுப் புள்ளையா இருந்துக்கிட்டு நம்ம எஸ்டேட்டையே காட்டிக் குடுக்கப் போறியா? தண்ணி சரியில்லன்னு எழுதுனா லயத்தைப் பூட்டிருவாங்கடி. நாங்க எங்க போவோம்?"

அந்தப் பாட்டிலை அவர் எதிரிலேயே கொட்டிவிட்டு வேறு பாட்டிலோடு மேலே ஏறினேன். லயத்தைப் பூட்டவில்லை, ஊற்றுக்குச் சுற்றுச்சுவர்தான் கட்டினார்கள். ஆனால் மாமா அதன் பிறகு சர்ச்சில் பார்த்தால்கூட என்னோடு பேசவில்லை. பொய் சொல்கிறவர்கள் எல்லாம் கெட்டவர்கள் அல்ல என்பது அன்று எனக்குப் புரிந்தது. அது என் சந்தேகத்தைக் குறைக்கவில்லை. நல்லவர்களையும் சந்தேகப்பட வேண்டும் என்று ஆகிவிட்டது.

சில வருடங்களில் பாலக்காட்டின் கிழக்குப் பக்கம், முதலமடை மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றல் வந்தது. அங்கே எனக்கு மேலதிகாரி காஜா சார். பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. குடும்பத்தில் மற்றவர்கள் எல்லாம் ஜவுளி வியாபாரம், இவர் மட்டும் சர்க்கார் வேலை. சட்டைப் பையில் எப்போதும் பென்சில்தான் இருக்கும். பேனாவால் எழுதினால் பொய்யை அழிக்க முடியாது என்பார். எந்த வீட்டில் டீ கொடுத்தாலும் மறுக்காமல் வாங்கி, பேசி முடிக்கும்வரை கையில் வைத்திருந்து, ஆறிப்போன பிறகு அப்படியே திண்டின் மேல் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். மாதிரிப் பாட்டில் வந்தால் முதலில் மூடியைச் சுற்றிய காகிதத்தையும் நூல் முடிச்சையும் பார்ப்பார். பிறகு மூன்று கேள்வி. "யாரு எடுத்தது? எங்கிருந்து எடுத்தது? எடுக்கும்போது பக்கத்துல யாரு நின்னது?"

நான் சேர்ந்த புதிதில், நான் மாதிரி எடுத்த ஒரு கிணற்றுக்கு எனக்குத் தெரியாமல் மறுநாள் போய் அவரும் எடுத்து அனுப்பினார். இரண்டு முடிவுகளையும் மேசைமேல் அருகருகே வைத்தார். ஒத்துப்போயிருந்தன. "செரி" என்றார், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அதன்பிறகு நான் அனுப்பிய எதையும் அவர் மறுபரிசோதனை செய்ததில்லை. அல்லது செய்திருக்கலாம், எனக்குத் தெரியாது.

இனி அந்த வீதியின் கதை.

மாந்தோப்புகளுக்கு நடுவில் இருபத்துச் சொச்சம் வீடுகள். எல்லாருக்கும் ஒரே தண்ணீர்: பஞ்சாயத்து போட்ட ஆழ்துளைப் போர், அதற்கு மோட்டார், பக்கத்தில் சிமெண்ட் தொட்டி. வீதியின் கடைசியில் மாங்காய் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் ஷெட். மாங்காய் பருவத்தில் அங்கே ஒடிசாவிலிருந்து பதினோரு பேர் வந்து தங்கி வேலை செய்வார்கள். அந்த வருடப் பருவத்தில்தான் வீதியில் காய்ச்சல் தொடங்கியது. முதலில் படுத்தவள் சுதா, அங்கன்வாடியில் ஆயாவாக இருக்கும் ருக்மணியின் மகள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தவள், காய்ச்சலோடு ஊருக்கு வந்தாள். மருந்துக்கடை மாத்திரையில் நாளைக் கடத்தினார்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து மற்ற வீடுகளிலும் ஆள் விழ ஆரம்பித்தார்கள். ரத்தப் பரிசோதனையில் டைபாய்டு. ஏழு பேர். சுதாவுக்குக் குடலில் ஓட்டை விழுந்து பெரியாஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை ஆனது.

டைபாய்டு மலத்திலிருந்து தண்ணீருக்கும் தண்ணீரிலிருந்து வாய்க்கும் போகிற நோய். எனவே போர்த் தண்ணீரை எடுக்க வேண்டும். மோட்டார் ஓட்டும் வேலுச்சாமிக்கு முந்தின நாளே போன் செய்து, காலையில் வருகிறேன், கரெண்ட் இருக்கும்போது தொட்டியை நிறைத்து வையுங்கள் என்றேன். போய் எடுத்தேன், ஐஸ் பெட்டியில் வைத்துப் பாலக்காட்டு ஆய்வகத்தில் கொடுத்தேன். கிருமி இல்லை என்று முடிவு வந்தது.

காஜா சார் அந்தத் தாளைப் பென்சிலால் தட்டிக்கொண்டே இருந்தார். "ஏழு பேருக்கு டைபாய்டு. தண்ணி சுத்தம். ரெண்டுல ஒண்ணு பொய். ரத்தம் பொய் சொல்லாது."

"சார், என் கையால எடுத்தது."

"தண்ணில குளோரின் இருந்துச்சா?"

இருந்தது. குளோரின் பார்க்கும் சோதனைத் திரவத்தை நானே சொட்டு விட்டுப் பார்த்திருந்தேன், நல்ல மஞ்சள் நிறம் வந்தது. அதை நல்ல அடையாளம் என்று நினைத்தேன். அந்தத் தொட்டியில் யாராவது தினமும் குளோரின் போடுகிறார்களா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த முறை யாருக்கும் சொல்லாமல் முதல் பஸ்ஸில் போனேன். தொட்டியை விட்டுவிட்டு, மோட்டாரை நானே போட்டு, போரிலிருந்து நேராக வரும் குழாயைத் திறந்து சிறிது நேரம் தண்ணீரை ஓடவிட்டேன். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் குழாய் வாயைச் சுட்டேன். மறுபடியும் ஓடவிட்டு, பாட்டிலின் வாயில் விரல் படாமல் பிடித்து, மேலே சிறிது இடம் விட்டு மூடிக் கட்டினேன். வேலுச்சாமி துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏனுங்க மேடம், சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க?"

"போன தடவை தொட்டியில பிளீச்சிங் பவுடர் போட்டீங்களா?"

"போட்டனுங்க." அவருக்குத் தான் தவறு செய்தோம் என்ற எண்ணமே இல்லை. "நீங்க வாரீங்கன்னா ஊட்டைக் கூட்டிப் பெருக்கி வெக்கறதில்லீங்களா? அதாட்டந்தானுங்க. ரெண்டு கரண்டி கலக்கி உட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை என் மேலேயே திருப்பிக்கொண்டேன். போன் செய்து அவரை எச்சரித்தது நான். அந்த பவுடரின் குளோரின் கிருமியைக் கொன்ற பிறகுதான் முதல் மாதிரியை எடுத்திருந்தேன்.

இந்த முறை ஆய்வகத்துக்கு நானே போய்ப் பார்த்தேன். ஊதா நிறக் கரைசல் ஊற்றிய சோதனைக் குழாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் தலைகீழாக ஒரு சின்னக் குழாய். கிருமி இருந்தால் கரைசல் மஞ்சளாகும், சின்னக் குழாய்க்குள் வாயு சேர்ந்து குமிழி நிற்கும். வரிசையில் ஒன்றுகூட ஊதாவாக மிஞ்சவில்லை. அதிகச் சூட்டில் வைத்துப் பார்த்த அடுத்த சோதனையும் அதையே சொன்னது. பூமிக்கு அடியிலிருந்து வந்த அந்தத் தண்ணீரில் மலம் கலந்திருந்தது.

அன்றே வீதிக்கு வந்து, எல்லாரையும் அங்கன்வாடியில் கூட்டி, போர்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்றேன். லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு ஆகிறது, அதையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். இதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

கந்தசாமி என்று ஒருவர், தோப்புக் காவல்காரர், எழுந்து கேட்டார். "கக்கூஸ் தண்ணி நம்ம போருக்கு எங்கிருந்துங்க வருது?"

தெரியாது என்பதுதான் உண்மையான பதில். ஆனால் எனக்குள் ஒரு முடிவு ஏற்கெனவே இருந்தது. ஷெட்டுக்காரர் பதினோரு பேருக்கு ஒரே கக்கூஸ் கட்டியிருந்தார். குழியின் மூடி உடைந்து கிடந்தது. நோட்டீஸ் கொடுத்தும் அவர் சரி செய்யவில்லை. என் கண் தானாக ஷெட் பக்கம் போனது.

"அந்தக் குழியை முதல்ல பாக்கணும்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதுவே போதுமானதாக இருந்தது. "அந்த இந்திக்காரனுக வந்தப்பறந்தான் இந்தச் சீக்கு வந்துச்சு" என்று ஒருத்தி சொன்னாள். அது உண்மையுமல்ல, அவர்கள் மூன்று வருடமாக வருகிறவர்கள். மறுநாள் மதியம் நான் சாயத்தோடு வந்தபோது ஷெட் பூட்டியிருந்தது. வீதிக்காரர்கள் காலையில் போய் நின்றிருக்கிறார்கள். ஷெட்டுக்காரர் சண்டை வேண்டாமென்று பதினோரு பேரையும் ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றி ரயில் நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்.

சாயம் என்றது, நிலத்தடி நீர் அலுவலகத்தில் காஜா சார் கேட்டு வாங்கிக் கொடுத்த ஒரு தூள். பார்க்கச் செம்மண் போல இருக்கும். தண்ணீரில் பட்டால் பளிச்சென்று பச்சையாகும். குடித்தாலும் கெடுதல் இல்லை. குழியில் கரைத்து ஊற்றி, நிறையத் தண்ணீர் விட்டு, போரில் பச்சை வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஷெட் குழியில் ஊற்றினேன். ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள் பார்த்தேன். வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் பிடித்து வெயிலில் வைத்துப் பார்த்தாலும் தண்ணீரில் ஒரு நிறமும் இல்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அலுவலகத்தில் பழைய கோப்புகளை எடுத்தேன். அந்த வீதியில் அரசு உதவியில் கட்டிய கக்கூஸ்களின் தாள்கள். குழிக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் ஏழரை மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது சட்டம். போருக்குப் பக்கத்தில் இருந்தது ருக்மணியின் வீட்டுக் குழி. "நேரில் அளந்து பார்த்தேன், இடைவெளி போதுமானது" என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே காஜா சாருடையது.

அளந்தது நினைவிருக்கிறது. குழி தோண்டுவதற்கு முன் அளந்தேன், இடைவெளி இருந்தது. பிறகு கான்ட்ராக்டர் போன் செய்தார். மேடம், பாறை இடிக்குது, கொஞ்சம் தள்ளித் தோண்டறோம் என்றார். எந்தப் பக்கம் தள்ளி என்று நான் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் தாளை அலுவலகத்துக்கே கொண்டுவந்தார். அன்று அம்மை ஊசி முகாம், கூட்டம். நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டேன். நல்லவர்களைக்கூட நம்பாத நான் அந்தக் கான்ட்ராக்டரை நம்பினேன். ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. முகாமில் வரிசை நீளமாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை.

தாளை காஜா சார் முன் வைத்தேன். படித்தார். பென்சிலை எடுக்கவில்லை.

"நாளைக்கு அந்தக் குழியில ஊத்திப் பாருங்க" என்றார். பிறகு தாளை மடித்து என் பக்கமே நகர்த்தினார். "இது என்கிட்ட வேண்டாம். உங்க கிட்டயே இருக்கட்டும்."

அதற்கு என்ன அர்த்தம் என்று அன்று இரவு முழுவதும் யோசித்தேன். கிழித்துப் போட வழி காட்டுகிறாரா? அதில் அவர் கையெழுத்தும் இருக்கிறதே. அல்லது நான் என்ன செய்வேன் என்று பார்க்கிறாரா? கேட்டால் சொல்லமாட்டார். கேட்கவும் இல்லை.

மறுநாள் ருக்மணி ஆஸ்பத்திரியிலிருந்து துணி மாற்ற வீட்டுக்கு வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த துணிப்பையைத் திண்ணையில் வைத்தாள்.

"ஊத்துங்க மேடம். என்ற ஊட்டுல இல்லீன்னா இல்லீன்னு தெரியட்டும்."

நானும் வேலுச்சாமியும் அந்தக் குழியில் சாயத்தைக் கரைத்து, மேலே இருபது குடம் தண்ணீர் ஊற்றினோம். அடுத்த நாள் காலை மோட்டாரைப் போட்டோம். முதலில் தெளிவாகத்தான் வந்தது. வேலுச்சாமி "இல்லீங்க மேடம்" என்று சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வாளித் தண்ணீர் நிறம் மாறியது. மாம்பிஞ்சுப் பச்சை. பாறையில் இருந்த வெடிப்பு வழியாக நேராக வந்திருக்கிறது. சுதா திருப்பூரிலிருந்து கொண்டுவந்த காய்ச்சலும் அதே வழியாகத்தான் வீதிக்குள் போயிருக்கிறது.

வாளியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரும் வாளியைப் பார்க்கவில்லை. எல்லாரும் ருக்மணியைப் பார்த்தார்கள். கந்தசாமியின் மனைவியும் காய்ச்சலில் படுத்திருந்தாள். அவர், "அப்ப உன்ற மகதான் எல்லாத்துக்கும்..." என்று ஆரம்பித்தார்.

ஒரு வாரத்துக்கு முன் நான் ஒரு பக்கம் பார்த்ததற்குப் பதினோரு பேர் வண்டி ஏறியிருந்தார்கள். பையிலிருந்து தாளை எடுத்தேன்.

"கந்தசாமி அண்ணா, இதைப் பாருங்க. குழியை இங்க தோண்டலாம்னு சொன்னது ருக்மணி இல்லை. அளந்து பாத்தேன், சரியா இருக்குன்னு எழுதியிருக்கு. இது என் கையெழுத்து. நான் வந்து பாக்காமப் போட்டது. கேக்கறதை என்னைக் கேளுங்க."

கேட்டார்கள். சொல்லக் கூசுகிற வார்த்தையெல்லாம் சொன்னார்கள். வேலுச்சாமி மட்டும் இடையில் புகுந்து, "உடுங்க, மேடமே ஒத்துக்கிட்டாங்கல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ருக்மணி என் பக்கம் வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் என்ற ஊட்டைக் கொளுத்தியிருப்பாங்க. அது செரிங்க. ஆனா என்ற புள்ள வயித்துல இத்தாச்சோடு தையல் போட்டிருக்குதுங்க." கையால் அளவு காட்டினாள். "அதுக்கு நான் உங்களை என்ன சொல்லட்டுங்க?"

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். சுதா இரண்டு மாதத்தில் நடக்கத் தொடங்கினாள், பிறகு திருப்பூருக்கே திரும்பிப் போனாள். வீதிக்கு வேறு இடத்தில் போர் போட்டார்கள்; பழைய போரை மூடினார்கள்; குழியையும் மாற்றினார்கள். எனக்கும் காஜா சாருக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவர் தன் பதிலில் என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தையும் எழுதவில்லை, காப்பாற்றியும் எழுதவில்லை. "பார்க்காமல் கையெழுத்திட்டேன்" என்று ஒரே வரி, பேனாவில்.

அந்தப் பதினோரு பேரிடம் சொல்ல வேண்டியது மீதி இருந்தது. ஷெட்டுக்காரர் ஆளெடுக்கிற தரகரின் எண்ணைக் கொடுத்தார், தரகர் பிகாஷ் என்பவரின் எண்ணைக் கொடுத்தார். பிகாஷ் அந்தக் கூட்டத்தில் மூத்தவர், பல வருடம் கேரளத்தில் வேலை செய்ததால் மலையாளம் பேசுவார். நான் யார் என்று சொன்னேன். தண்ணீர் கெட்டது உங்கள் குழியால் அல்ல, நான் தவறாகக் கை காட்டினேன், என்னை மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவர் மலையாளத்திலேயே பதில் சொன்னார்.

"மேடம், நாங்களும் அந்தத் தண்ணியைத்தான் குடிச்சோம். நீங்க எங்க ஷெட்டுக்கு மூணு தடவை வந்தீங்க. குழியைப் பாத்தீங்க, மூடியைப் பாத்தீங்க, முதலாளிக்கு நோட்டீஸ் குடுத்தீங்க. உங்கள்ல யாருக்காவது காய்ச்சல் இருக்கான்னு ஒரு தடவைகூடக் கேக்கலை."

"இருந்துச்சா?"

"ரெண்டு பேருக்கு. சொன்னா விரட்டுவாங்கன்னு போர்வைக்குள்ள மறைச்சு வெச்சிருந்தோம். மறைச்சும் விரட்டிட்டாங்க. ஒருத்தனை ரயில்ல பாதி வழியில எறக்கி ஆஸ்பத்திரியில சேத்தோம். பொழச்சுக்கிட்டான். இனிமே அந்தப் பக்கம் வேலைக்கு வரமாட்டேங்கறான்."

இரண்டு பேருடைய பெயரையும் வயதையும் கேட்டு எழுதிக்கொண்டேன். மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டிய இறுதி அறிக்கை அப்போது என் மேசையில்தான் இருந்தது. நோயாளிகள் பட்டியலில் ஏழு பெயர்களுக்குக் கீழே எட்டாவதாக ஒருவரையும் ஒன்பதாவதாக ஒருவரையும் சேர்த்தேன். ஒரு வாரத்தில் அறிக்கை திரும்பி வந்தது. கடைசி இரண்டு பெயர்களுக்கும் ரத்தப் பரிசோதனை முடிவு இணைக்கப்படவில்லை, காரணம் தெரிவிக்கவும் என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள்.

"எடுக்கவில்லை. அவர்களுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை" என்று எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.